எதிரிக்காக வாதாடியவரே எங்கள் அரசு வழக்கறிஞர்

அனுப்புநர்:
சி. வைத்தியலிங்கம் (வயது 71), விவசாயி,
மேலச்செங்கழனி, திருப்பனந்தாள் வழி,
தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
குற்ற வழக்குத் தொடர்வுத் துறை, சென்னை.

பொருள்: என் மகன் கொலை வழக்கில் வேறு அரசு வழக்கறிஞரை அமர்த்தவும், கண்ட சாட்சியைக் காக்கவும் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற ஆண்டு குறுவையில், முறைத் தண்ணீர்த் தகராறில் என் மகன் மதிவாணன் வாய்க்கால் மடையிலேயே மண்வெட்டியால் வெட்டிக் கொல்லப்பட்டான். கஞ்சி கொண்டுபோன மருமகள் கலைமகள் ஒருத்திதான் அதைக் கண்ணால் கண்டவள். எதிரி பக்கத்து வயல்காரர் துரைராசு. ஜாமீனில் வந்து ஊரில்தான் இருக்கிறார். அதனால் கலைமகளை வேறிடத்தில் தங்க வைத்திருக்கிறேன்.

2. புதிய அரசு வழக்கறிஞர் பொறுப்பேற்றதாகக் கேள்விப்பட்டு, எங்கள் பக்க வழக்கப்படி சால்வையோடு பார்க்கப் போனேன். உள்ளே நுழைந்த பிறகே முகம் தெரிந்தது. துரைராசுவின் ஜாமீனுக்காக, “கைகலப்பில் தவறிப் பட்ட அடி” என்று வாதாடியவர் அவரேதான். திரும்பி வரவும் துணிவில்லாமல் சால்வையை அவருக்கே போர்த்தினேன்.

3. “அதெல்லாம் அப்ப, பெரியவரே. இப்ப நான் அரசாங்கத்து ஆளு” என்றார். பிறகு, “மருமக எங்க தங்கியிருக்கு?” என்று கேட்டார். நான் சொல்லவில்லை. “சொல்லலேன்னா அந்தச் சாட்சியே வேணாம்னு விட்டுருவேன்” என்றார். இதே கேள்வியைத்தான் துரைராசுவின் ஆட்கள் மளிகைக் கடையிலும் பால் சொசைட்டியிலும் கேட்டுத் திரிகிறார்கள். வழக்கறிஞர் நல்லெண்ணத்தோடு கேட்டிருக்கலாம். ஆனால் சொல்லிப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் விஷயம் அல்ல இது.

4. புலன்விசாரணை காவல்துறையுடையது, வழக்கை நடத்துவது அரசு வழக்கறிஞர், அவரை நியமிப்பது அரசு, மேற்பார்வை தங்களுடையது. தமிழில் சட்டப் புத்தகம் வாங்கி நானே படித்தேன். நான் தனியாக வழக்கறிஞர் வைத்தாலும் அவர் அரசு வழக்கறிஞர் சொற்படிதான் நடக்க வேண்டுமாம். ஆகவே, “எங்கள் கையில் இல்லை” என்ற பதிலை ஏற்கமாட்டேன். அரசுக்குப் பரிந்துரை எழுதத் தங்களால் முடியும்.

5. செப்டம்பர் 4 அன்று கலைமகள் சாட்சி சொல்ல வேண்டும். அதற்குள் வேறொருவரை அமர்த்தி, அவளுக்குப் பாதுகாப்பும் பெற்றுத்தர வேண்டுகிறேன். இம்மனுவை ‘உரிய நடவடிக்கைக்கு’ என்று எழுதி அந்த வழக்கறிஞருக்கே அனுப்பிவிடாதீர்கள் என்றும் கைகூப்பிக் கேட்கிறேன். தங்கள் அலுவலகம் கேட்டாலும் அவள் இருக்குமிடத்தை எழுத்தில் தரமாட்டேன், பொறுத்தருள்க.

தினமும் போனில், “வரட்டுமா மாமா?” என்று கேட்கிறாள். உத்தரவு வந்தாலும் வராவிட்டாலும் அன்று அவளை அழைத்து வருவேன். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. எந்த வழியாக வருவோம் என்பதை மட்டும் யாருக்கும் சொல்வதாயில்லை.

இடம்: திருப்பனந்தாள்
தேதி: 12.08.2025

இப்படிக்கு,
கொலையுண்டவனின் தந்தை,
சி. வைத்தியலிங்கம்