நாற்பது நிமிடக் காத்திருப்பும் ஏழாம் கேள்வியும் பற்றிய மனு

அனுப்புநர்:
மு. அழகப்பன்,
முதுநிலை ஆய்வகத் தொழில்நுட்பர், வேதியியல் துறை,
தென்கரைத் தேசியப் பல்கலைக்கழகம்.
(இல்லம்: புக்கிட் பாத்தோக், சிங்கப்பூர்)

பெறுநர்:
முனைவர் இரா. அம்பிகைபாகன் அவர்கள்,
துணைத் தலைவர் (பட்டமேற்படிப்பு),
தென்கரைத் தேசியப் பல்கலைக்கழகம்.

பொருள்: கருவிச் சான்றிதழ்த் தேர்வின் ஏழாம் கேள்விக்கு நான் எழுதிய விடை தவறு என முடிவானது – அந்த முடிவுக்கு ஆதாரம் நானே எழுதிய கையேடு – இரண்டில் எது சரி என்று தெளிவுபடுத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தேர்வு முடிவுக் கடிதம், நாள் 29.8.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். கடந்த ஏப்ரலில் தமிழ்மொழி விழாவையொட்டி எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் தாங்கள் பேசும்போது, தமிழில் கடிதம் எழுதினால் தமிழிலேயே பதில் தருவதாகச் சொன்னீர்கள். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். அந்த வார்த்தையை நம்பி இம்மனுவை எழுதுகிறேன். முதலில் ஆங்கிலத்தில் மின்னஞ்சலாகத்தான் எழுதிப் பார்த்தேன். நான்கு வரிக்கு மேல் நகரவில்லை. என் குழப்பத்தை ஆங்கிலத்தில் எழுதினால் அது விடுப்பு விண்ணப்பம் மாதிரி ஆகிவிடுகிறது.

2. விஷயம் இதுதான். ஆகஸ்டில் நடந்த தேர்வில் எனக்கு 48 மதிப்பெண். தேர்ச்சிக்கு 50 வேண்டும். ஏழாம் கேள்விக்கு நான்கு மதிப்பெண். கேள்வி: நிறமாலைமானியை இயக்கியபின் மூடியைத் திறக்க எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும்? (தாங்கள் பொருளியல் படித்தவர் என்பதால் சொல்கிறேன்: ஒரு பொருளுக்குள் ஒளியைச் செலுத்தி, அது இன்னதென்று கோடு போட்டுக் காட்டும் கருவி அது.) நான் பத்து நிமிடம் என்று எழுதினேன். சிவப்பு மையில் அடித்துவிட்டார்கள். சரியான விடை நாற்பது நிமிடமாம். ஆதாரம்: துறைக் கையேடு, பக்கம் 11. அந்தக் கையேட்டை 2004-இல் எழுதியவன் அடியேன்தான்.

3. மறுதேர்வு இம்மாதம் 18-ஆம் தேதி, வியாழக்கிழமை. அதிலும் தவறினால் அக்டோபர் முதல் தேதியிலிருந்து நான் பொருள் கிடங்குக்கு மாற்றப்படுவேன் என்று கடிதத்தில் இருக்கிறது. கருவி அறையின் அனுமதி அட்டையைத் திருப்பித் தந்துவிட வேண்டும். கிடங்கு வேலையைக் கேவலம் என்று சொல்லவில்லை ஐயா. ஆனால் முப்பத்தொரு வருடமாக அந்த அறையைத் திறந்து மூடுகிறவன் நான். எனக்கு அந்த அறை வேண்டும். இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

4. நான் தேர்வு எழுத நேர்ந்த விதம் பற்றி. 1994-இல் நான் வேலைக்கு வந்தபோது எங்கள் துறையில் ஆய்வுப் பட்டத்துக்குப் படித்தவர்கள் ஒன்பது பேர். இன்று இருநூற்றுப் பன்னிரண்டு பேர். முனைவர் பட்டம், ஆய்வு முதுகலை, பாடவழி முதுகலை, பகுதிநேரம், வேலை பார்த்துக்கொண்டே படிப்பது, பாதி இங்கே பாதி வெளிநாட்டில் என்று எத்தனையோ வகை. எனக்குப் பெருமைதான். வளர்ச்சியைக் குறை சொல்ல நான் யார்? இப்படிப் பெருகியதால், பட்டமேற்படிப்பு மாணவர்களுக்குக் கற்பிக்கும் எவரும் அந்த நிலையில் ஒரு சான்றிதழாவது வைத்திருக்க வேண்டும் என்று சென்ற ஆண்டு விதி வந்தது. நான் பாலிடெக்னிக் டிப்ளோமாக்காரன். ஆகவே திங்கட்கிழமை காலையில் யாருக்குக் கருவியைச் சொல்லிக்கொடுத்தேனோ, அவர்களோடு திங்கட்கிழமை மாலை ஒரே வரிசையில் உட்கார்ந்து அதே கருவியைப் பற்றிப் படித்தேன். பாடம் நடத்தியவர் முனைவர் மோகனப்பிரியா. 2016-இல் அவர் ஆய்வு மாணவியாக வந்தபோது அந்த மூடியைத் திறக்கக் காட்டிக்கொடுத்தவன் நான். பாடப் புத்தகம் என் கையேடு. பக்கம் 3-இல் என் படம்கூட இருக்கிறது, தலை நிறைய முடியோடு. வகுப்பு முழுக்கத் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தேன்.

5. நாற்பது என்ற எண் வந்த கதை. பழைய கட்டடத்தில் இரவு ஏழு மணிக்கு ஏர்கானை மொத்தமாக நிறுத்திவிடுவார்கள். காலை எட்டு மணிக்குத்தான் மறுபடி வரும். நம் ஊர் ஈரக் காற்று தாங்கள் அறியாததல்ல. காலையில் உள்ளே போனால் சுவரே வேர்த்திருக்கும். பழைய கருவிக்குள் இருந்த சின்னச் சன்னல் கண்ணாடி அல்ல, ஒருவகை உப்பு. ஈரம் பட்டால் மங்கி வீணாகிவிடும். அதனால் ஏர்கான் வந்ததும் கருவியை இயக்கிவிட்டு, அறை காயும்வரை மூடியைத் தொடக் கூடாது. பல நாள் கடிகாரமும் கையுமாக நின்று, நாற்பது நிமிடம் என்று கண்டுபிடித்தேன். அந்த அறைக்கு அது சரியான எண். அதைப் பற்றி எனக்கு இன்றும் வெட்கமில்லை. காரணத்தை மட்டும் எழுதாமல் விட்டேன். அப்போது இருந்ததே பத்துப் பதினைந்து பேர். எல்லாரும் என்னோடு சேர்ந்து அந்த அறையில் வேர்த்து வழிந்தவர்கள். அவர்களுக்கு எதற்குக் காரணம்?

6. 2015-இல் புதுக் கட்டடத்துக்கு வந்தோம். இங்கே ஏர்கான் இரவும் பகலும் ஓடுகிறது. கருவியும் புதிது, உள்ளே உப்பு கிடையாது. முதல் வாரமே சோதித்துப் பார்த்தேன். பத்தாவது நிமிடத்தில் எடுத்த வரைபடத்தையும் நாற்பதாவது நிமிடத்தில் எடுத்ததையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் ஒரே கோடுதான். கையேட்டைத் திருத்தக் கேட்டேன். அது இப்போது துறையின் ஆவணம், திருத்தப் படிவத்தில் முனைவர் பட்டம் பெற்ற ஒருவர் கையெழுத்திட வேண்டும் என்றார்கள். மூன்று பேரிடம் போனேன். எல்லாரும் நாற்பதுதானே செய்கிறார்கள், பிறகு பார்க்கலாம் என்றார்கள். அதற்கிடையில் ஏதோ ஒரு குழு, ஒவ்வொருவரும் தம் முறை வரும்போது கருவியை அணைத்து, மறுபடி இயக்கி, மறுபடி நாற்பது நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று ஒரு வரியைச் சேர்த்துவிட்டது. எதற்கு என்று கேட்டேன். கையேட்டின்படி என்றார்கள்.

7. தேர்வில் தவறியபின் எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. நூலகத்தில் போய் உட்கார்ந்தேன். இடம் மாறிய பிறகு எழுதப்பட்ட ஆய்வேடுகளில் எழுபத்தொன்றில், கருவி நாற்பது நிமிடம் நிலைப்படுத்தப்பட்டது என்ற வரி இருக்கிறது. சிலவற்றின் அடிக்குறிப்பில் என் பெயர். முதலில் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது. பிறகு ஒவ்வொன்றாகப் பிரித்துக் காரணத்தைத் தேடினேன். ஒருவர் நாற்பது நிமிடம் ஏன் தேவை என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறார். விளக்கின் வெப்பம், சமன்பாடு, வரைபடம், எல்லாம் உண்டு. படித்தால் எனக்கே நம்பத் தோன்றுகிறது! ஏர்கானைப் பற்றி மட்டும் ஒரு சொல் கிடையாது. ஐயா, எழுபத்தொரு ஆய்வேடுகள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அவர்களுக்கு ஆதாரம் நான். எனக்கு ஆதாரம் யார்?

8. முனைவர் மோகனப்பிரியாமீது எனக்குக் குறை இல்லை. நல்ல பெண். விடைத்தாளை எடுத்துக்கொண்டு அவரைப் பார்த்தேன். அவர் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன், மன்னிக்கவும்: "அங்கிள், நீங்க சொல்றது கரெக்ட்டாவே இருக்கலாம். ஆனா ஆன்சர் கீ கமிட்டி அப்ரூவ் பண்ணது, நான் மாத்த முடியாது. ரீடெஸ்ட்ல அதே கேள்விதான் வரும். நாப்பதுன்னு எழுதிடுங்க லா, முடிஞ்சிடும்." நான் விடைத்தாளில் சிவப்பு மை பட்ட இடத்தைக் காட்டினேன். "உங்க புக்ல உள்ளதத்தானே எழுதச் சொல்றேன்?" என்றார். விடைத்தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பினேன்.

9. இதுவரை படித்தால் நான் பெரிய யோக்கியன் போலத் தெரியும். அப்படி இல்லை என்பதையும் எழுதியாக வேண்டும். பத்து வருடமாக நான் ஏன் சத்தம் போடவில்லை? படிவம் ஒரு சாக்குதான். அந்த நாற்பது நிமிடம் எனக்குப் பிடித்திருந்தது. கூட்டம் பெருகிய பிறகு மாணவர்கள் யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்றே தெரிவதில்லை. பெயரைக் கேட்பதற்குள் பட்டம் வாங்கிப் போய்விடுகிறார்கள். அந்த நாற்பது நிமிடம் மட்டும் என் பக்கத்தில் உட்கார்ந்தாக வேண்டும். பேராசிரியர் திட்டியது, வாடகை அறையில் சமைக்க விடாதது, ஊரில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லாதது எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். பத்து நிமிடத்தில் எவன் மனம் திறந்து பேசுகிறான்?

10. நான்காம் ஆண்டு மாணவர் யதீசன் அவ்வளவு தூரத்துச் செம்பவாங்கிலிருந்து வருகிறார். ஒருவருக்கு ஒரு மணி நேரப் பதிவு. அதில் வேலை இருபது நிமிடம், காத்திருப்பு நாற்பது. அடுத்த பதிவு கிடைக்க ஐந்து வாரம் ஆகிறது. அவருடைய பட்டக் காலம் டிசம்பரில் முடிகிறது. இன்னும் முப்பது மாதிரிகள் பாக்கி. ஏழாம் கேள்வியைப் பற்றி அவரிடம் வேடிக்கையாகத்தான் சொன்னேன். சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அங்கிள், அப்ப நான் மூணு வருஷமா சும்மாவா உட்கார்ந்திருந்தேன்?" என்று கேட்டார். நல்லாத்தானே பேசிக்கொண்டிருந்தோம் தம்பி என்று எனக்கு வாய்வரை வந்தது. கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். நான் செய்தது தவறு ஐயா. அதில் எனக்குக் குழப்பமே இல்லை.

11. மற்றதெல்லாம் குழப்பம்தான். என் மனைவி, "நாப்பதுன்னு எழுதிட்டு வாங்களேன், கை தேஞ்சா போயிடும்? வேலைய வச்சுக்கிட்டு அப்புறம் நியாயம் பேசுங்க" என்கிறார். அதிலும் நியாயம் இருக்கிறது. அறை என் கையில் இருந்தால் வருகிறவர்களிடம் வாயால் பத்து என்று சொல்லிவிடலாம். ஆனால் நாற்பது என்று எழுதிச் சான்றிதழ் வாங்கினால், அந்த நாற்பதுக்கு இரண்டாம் முறையும் நானே சாட்சி ஆகிறேன். பிறகு எந்த முகத்தோடு மாற்றச் சொல்வது? பத்து என்று எழுதினால் கிடங்கு. அங்கிருந்து நான் சொல்வதை யார் காதில் போட்டுக்கொள்வார்கள்? இம்மனுவைத் தேக்கா பக்கம் ஓர் அச்சுக் கடையில் தட்டச்சு செய்யக் கொடுத்தேன். அந்தப் பெண் பாதியில் நிறுத்தி, "அண்ணே, இதுல யார் மேல கம்ப்ளெயின்ட்? புகார் குடுக்கிறவரும் நீங்க, மாட்டிக்கிறவரும் நீங்க" என்றார். அப்படியே அடிங்கம்மா என்று சொல்லிவிட்டேன்.

12. ஆகவே தாங்கள் தயவுசெய்து, பக்கம் 11-இல் உள்ள நாற்பதைப் பத்து என்று திருத்தவும், அதன் காரணத்தையும் அங்கேயே அச்சிடவும் உத்தரவிட வேண்டுகிறேன். முனைவர் பட்டம் பெற்றவரின் கையெழுத்து வேண்டுமென்றால் தங்களுடையதே போதும். கருவியை ஒவ்வொரு முறையும் அணைத்து இயக்கும் விதியை இந்த வாரமே நிறுத்தினால் யதீசன் டிசம்பருக்குள் முடித்துவிடுவார்; முடியாவிட்டால் அவருக்குக் கால நீட்டிப்புத் தர வேண்டுகிறேன். அவர் இழந்த நேரத்துக்குக் காரணம் அவர் அல்ல, நான். எழுபத்தொரு ஆய்வேடுகளின் முடிவுகளுக்கு எந்தப் பழுதும் இல்லை, அதிக நேரம் காத்திருந்ததால் கருவி பொய் சொல்லாது. அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் தொல்லை தர வேண்டாம்.

13. என் இரண்டு மதிப்பெண் விஷயத்தைத் தங்கள் முடிவுக்கே விடுகிறேன். 18-ஆம் தேதிக்கு முன் ஒரே ஒரு வரி பதில் வந்தால், எதை எழுதுவது என்று தெரிந்து நிம்மதியாகத் தேர்வு அறைக்குள் போவேன். வராவிட்டால், எனக்கு அந்த அறைமீது இவ்வளவு ஆசை இருந்தும், வியாழக்கிழமை காலை பத்து என்றுதான் எழுதுவேன்.

இணைப்பு: வரைபடம் இரண்டு (பத்தாம் நிமிடம், நாற்பதாம் நிமிடம்), கையேடு பக்கம் 11-இன் நகல், விடைத்தாளின் நகல்.

இடம்: சிங்கப்பூர்
நாள்: 9.9.2025

பணிவும் குழப்பமும் உடைய,

(கையொப்பம்)
மு. அழகப்பன்
முதுநிலை ஆய்வகத் தொழில்நுட்பர்
(செப்டம்பர் 30 வரை உறுதி)