மதிலுக்கு மேலால் வந்த பழங்கள்

அண்ணை,

இன்று வெள்ளவத்தைக் கடையொன்றின் வாசலில், மழையில் நனைந்த புண்ணாக்குச் சாக்கு மணந்தது. சாக்கில் எழுதியிருந்ததை நானே எழுத்துக்கூட்டி வாசித்தேன். இந்த வயதில்தான் எழுதப் படிக்கப் பழகுகிறேன், சந்தோசம் தாங்கவில்லை. உங்களிடம் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. நீங்கள் இல்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

கொட்டாஞ்சேனை ஒழுங்கையில் உங்கள் சிவப்பியை நீங்கள் கறப்பீர்கள், நான் சைக்கிளில் பால் கொண்டுபோவேன். கடைகளில் பால்மாத் தட்டுப்பாடு வந்து வரிசை நீண்ட காலத்தில், அதுவரை எங்கள் பாலில் மாட்டு மணம் என்று முகம் சுளித்த வீடுகள்கூடக் கேத்தலோடு வாசலில் நின்றன.

"இன்னொரு மாடு வாங்குவமடா. இப்பதான் எங்கட நேரம்" என்றீர்கள்.

ஆனால் புண்ணாக்கு விலை ஏறியது; பிறகு கடைகளிலேயே இல்லை. கொலன்னாவைப் பக்கம் நான் அறுத்துவந்த புல் அவளுக்குப் போதவில்லை. பால் வற்றியது. அயல் வீடுகளில் மரக்கறித் தோலும் பழமும் கேட்கத் தொடங்கினீர்கள்.

சனம் மனமாகத்தான் தந்தது. வெள்ளிக்கிழமைகளில் பூசைப் பழமும் வரும். ஆனால் கொம்புக்குப் பயந்து கிட்ட வரமாட்டார்கள். பொலித்தீன் பையை முடிச்சுப் போட்டு, மதிலுக்கு மேலால் எறிந்து, கும்பிட்டுவிட்டுப் போவார்கள். எங்கள் கண்ணில் பட்டதைப் பிரித்துக் கொடுத்தோம். நாங்கள் இல்லாத நேரம் விழுந்ததை அவள் பையோடு தின்றாள்.

சிவப்பி அசைபோடுவதை நிறுத்தினாள். வயிறு ஊதியது. மாட்டு டொக்டர் விலாவைத் தட்டிப் பார்த்து, உள்ளே பொலித்தீன் அடைத்துவிட்டது, பிந்திவிட்டீர்கள் என்றார். அவள் செத்த அன்றும் ஒரு பை வந்து விழுந்தது. போய் ஏசுவோம் என்று எழும்பினேன். கையைப் பிடித்தீர்கள்.

"சாமிக்குக் குடுக்கிற மாதிரித்தானே குடுக்குதுகள். ஆரையடா ஏசுறது?"

இன்னொரு மாட்டைப் பற்றி அதற்குப் பிறகு நீங்கள் கதைக்கவே இல்லை. கொட்டிலில் யாரோ மோட்டார் சைக்கிள் நிறுத்தினார்கள். ஏன் என்றுகூட நீங்கள் கேட்கவில்லை. அடுத்த மழைக்கு முன் போய்விட்டீர்கள்.

இப்போது மகள் வீட்டில் இருக்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் கோயில் மாட்டுக் கொட்டில் வாசலில் நின்று, வருகிறவர்களின் பைகளை வாங்கி முடிச்சவிழ்த்து, பழத்தை மட்டும் மாட்டுக்கு வைக்கிறேன். திருடுகிறேனோ என்று சிலர் சந்தேகமாகப் பார்ப்பார்கள். போன கிழமை ஒரு பெண், "ஐயா, இது உங்கட மாடா?" என்று கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை. என்ர கூட்டாளியின்ர" என்றேன்.