லிண்டிவேயிடம் சொல்லாமல் விட்ட வசனம்

நவம்பர், செவ்வாய் இரவு

இன்று லிண்டிவேயின் தொண்டையைப் பரிசோதித்த டொக்டர் பிரெஞ்சில்தான் பேசினார். அவளுடைய கபரே பாட்டு நிகழ்ச்சிகளுக்கு ஏழு வருடமாகப் பியானோ வாசிப்பவள் நான். அவளுக்குப் பிரெஞ்சு தெரியாது, அதனால் மொழிபெயர்க்கவும் நானே கூடப் போனேன். கேப்டவுனில் இசை நாடக மேடையில் தொடங்கி முப்பது வருடம் பாடியவள், குழந்தை மாதிரி என் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

குரல் நாணில் கட்டி, வெள்ளிக்கிழமை சத்திரசிகிச்சை என்றார். சொன்னேன். அதுவரை பாடினால் இன்னும் மோசமாகும் என்றார். அதையும் சொன்னேன். சத்திரசிகிச்சைக்குப் பிறகு பேச்சு திரும்பிவிடும், ஆனால் மேடையில் பாடும் குரல் திரும்பாமலே போகலாம் என்றார். அதை மட்டும் நான் சொல்லவில்லை.

"பயப்பட ஒன்றும் இல்லையாம்," என்றேன். அவள் சிரித்துக்கொண்டே சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள்.

லவாலில் எங்கள் வீட்டுக்கு வந்ததும் என் கணவரிடம் சொல்லி அழுதேன்.

"நீர் செய்தது பெரிய பிழை. அவவின்ர குரல், அவதான் முடிவெடுக்கவேணும். இப்பவே போன் எடுத்துக் கதையும்," என்றார்.

எடுத்தேன். முழுவதையும் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"நாளைக்கு உன் வீட்டுக்கு வரட்டுமா?" என்று தேய்ந்த குரலில் கேட்டாள். "நீ வாசி. எல்லாப் பாட்டையும் ஒருதரம் பாடிவிடுகிறேன்."

பாடக்கூடாது என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஓம் என்றுவிட்டேன். பத்து மணிக்கு வருகிறாள். நான் வாசித்து அந்தக் குரல் போய்விட்டால், அதில் என் கையும் இருக்கும்.