சட்டைப் பையில் இருந்த பூப்பொட்டலம்

என்னங்க,

நான் பாலக்கரைக்கு, யமுனா வீட்டுக்குப் படிக்கப் போகிறேன். வத்தக்குழம்பு அடுப்பின்மேல் இருக்கிறது, அப்பளம் டப்பாவில். சாப்பிட்டுவிட்டு மறுபடி அரியமங்கலம் பட்டறைக்குக் கிளம்பும்போது, சாவியைப் பக்கத்து வீட்டு வள்ளிக்கண்ணு அக்காவிடம் கொடுத்துவிடுங்கள். காஸ் சிலிண்டர் வரும்.

உங்களோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது.

வெளிநாட்டு மேல்படிப்புக்கு நான் எழுதவேண்டிய ஜி.ஆர்.இ. தேர்வு அடுத்த மாதம் மாறுகிறது. "படிச்சதெல்லாம் பழசுக்குத்தானே, இப்பவே எழுதிடு" என்றீர்கள். "புதுசு சின்னதா இருக்குமாம், பொறுத்து எழுதுறேன்" என்று நான் மூன்று நாள் முறைத்துக்கொண்டு திரிந்தேன். கடைசியில், "பிள்ளையார்கிட்டயே கேட்டுடலாம், வா" என்று நேற்று காட்டூர்க் கோயிலுக்குப் பூக்கட்டிப் பார்க்க அழைத்துப்போனீர்கள். இரண்டு பொட்டலத்தில் ஒன்றை நான் எடுக்கவேண்டும்; சிவப்பு அரளி வந்தால் இப்போதே, வெள்ளை வந்தால் பிறகு. நான் எடுத்த பொட்டலத்தில் சிவப்பு. "பாத்தியா, சாமியே சொல்லிட்டாரு!" என்று குதித்தீர்கள்.

இன்று துவைக்க எடுத்த உங்கள் சட்டைப் பையில் இன்னொரு பொட்டலம் இருந்தது. பிரித்தேன். அதிலும் சிவப்பு அரளி!

கட்டியது யார் என்று கேட்கமாட்டேன். கோபப்படத்தான் நினைத்தேன், சிரிப்பு வந்துவிட்டது. நான் நல்ல மதிப்பெண் வாங்கிவிடுவேன் என்று அவ்வளவு நம்பிக்கையா உங்களுக்கு? வரும்போது ஒரு தேங்காய் வாங்கி வாருங்கள். பிள்ளையாருக்கு உடைத்து மன்னிப்புக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பானு

பி.கு: தேங்காய் இரண்டாக வாங்குங்கள். மூன்று நாள் சண்டை போட்டுவிட்டு, நீங்கள் சொன்னதுதான் சரி என்று எந்த வாயால் சொல்வேன்? நேற்று கோயிலுக்குப் போக நீங்கள் குளித்துக்கொண்டிருந்தபோதே, பழைய தேர்வுக்குப் பதிவு செய்துவிட்டேன்.