கியர்பாக்ஸ் கூலர் மாட்டின கதை

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுறது. இங்கே எல்லாருக்கும் உடம்புக்கு ஒண்ணும் இல்லை, என் மூட்டுவலி கூட இந்த மாசம் கொஞ்சம் சும்மா இருக்கு. நீயும் மருமகளும் குழந்தைகளும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்திரிக்கிறீங்கன்னு நினைச்சுக்கிறேன், நினைச்சுக்கத்தான் முடியும், நீதான் பதினொரு நாளா போனே பண்ணலையே. நான் பண்ணினா எடுக்கிறே, அப்பா பக்கத்துல இருக்காரான்னு கேக்கிறே, இருக்கார்னு சொன்னா வேலை இருக்கும்மான்னு வைச்சிடறே. அவரும் லேசுப்பட்ட ஆள் இல்லை, உன் பேச்சை எடுத்தா இடிச்ச புளி மாதிரி உட்கார்ந்திருக்கார். அப்பனுக்குத் தப்பாத பிள்ளை, வேற என்னத்தைச் சொல்ல. லீவுக்கு வர்றதா இருந்த டிக்கெட்டை மாசக் கடைசிக்குள்ள ரத்து பண்ணப் போறேன்னு தங்கச்சிகிட்ட சொன்னியாமே. அதுக்குத்தான் அவசரமா இந்தக் கடிதம். போன்ல சொல்ல முடியாது, நான் போனைத் தொட்டாலே உங்க அப்பா டிவி சத்தத்தைக் குறைச்சிட்டுக் காதைத் தீட்டிக்குவார். அஞ்சாம் வகுப்புப் படிப்புதான், ஆனா எழுத்து குண்டு குண்டா இருக்கும், நீ கடைசி வரைக்கும் கோபப்படாமப் படி.

கியர்பாக்ஸ் ஆயிலை ஆற வைக்கன்னு நீ அந்த கூலரை அனுப்பினப்ப உங்க அப்பா என்ன சொன்னார்னு உனக்குத் தெரியாது. முப்பது வருஷமா வண்டி ஓட்டறேன், கியர்பாக்ஸுக்கு விசிறி வீசணும்னு எவனும் சொன்னதில்லைன்னு பெட்டியைப் பிரிக்காமலே பரண்ல போட்டார். அப்புறம் அந்த மேட்டு மேல கட்டற வீடுகளுக்கு டைல்ஸ் ஏத்தின டிரெய்லரைக் கட்டி இழுத்துட்டுப் போனப்ப, பாதி ஏத்தத்துல கியர் ஆயில் கருகி நாத்தம் அடிச்சு, சூடு காட்டற முள் சிவப்புல நின்னு, வண்டியை ஓரங்கட்டி ஒரு மணி நேரம் ஆற விட்டார். அன்னிக்கு சாயந்திரமே பரண்ல ஏறி இறக்கிட்டார், உன்கிட்ட மட்டும் சொல்லலை. சனிக்கிழமை அவரும் எதிர்வீட்டு மெக்கானிக்கும் முன்னால இருக்கிற கிரில்லைக் கழட்டி, ரேடியேட்டருக்கு முன்னால அதை மாட்டினாங்க. எந்த பைப்ல ஆயில் போகுது, எதுல திரும்பி வருதுன்னு ரெண்டு பேருக்கும் அரை நாள் சண்டை. கடைசியில ஒரு பைப்பை அவிழ்த்து விட்டு இஞ்சினை ஒரு நொடி ஓட விட்டுப் பார்த்தாங்க, ஆயில் எங்கே பீச்சுதுன்னு. அதைப் பிடிக்க நான் மாவு பிசையற பேசின். கேட்டா, கழுவிக்கலாம்ங்கிறார். கழுவினது நான்தான், நாலு தடவை, இன்னும் நாறுது. ஆனா மாட்டினது சுத்தமாத்தான் மாட்டினாங்க, ஹோஸ், கிளாம்ப் எல்லாம் இறுக்கி, குறைஞ்ச ஆயிலையும் ஊத்தினாங்க, அதுல குத்தம் சொல்ல முடியாது.

அப்படியிருந்தும் திங்கக்கிழமை மறுபடி அதே ஏத்தம், அதே நாத்தம். அவர் உனக்கு போன் போட்டு, நீ அனுப்பினது தகர டப்பாடான்னார். நீ, மாட்டத் தெரியாம மாட்டிட்டு என்னைச் சொல்லாதீங்க, வயசாச்சு, பேசாம வண்டியை வித்துடுங்கன்னே. அந்த "வித்துடுங்க" அவருக்கு எங்கே போய்க் குத்திச்சுன்னு நான் எழுதணுமா. எள்ளு காயறது எண்ணெய்க்கு, எலிப்புழுக்கை எதுக்குக் காயுதுன்னு நடுவுல நான் காய்ஞ்சுக்கிட்டு இருக்கேன்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். அந்த சனிக்கிழமை மெக்கானிக் சாப்பிட உள்ளே வர்றப்ப, இந்தத் தகடெல்லாம் காகிதம் மாதிரி இருக்கு, ஒரு கல்லு பட்டா மடங்கிடும்னு சொல்லிட்டு வந்தார். பிள்ளை தூர தேசத்துல இருந்து அனுப்பின சாமானாச்சேன்னு எனக்கு மனசு கேக்கலை. மழைக்கோட்டுத் துணி கறுப்புல மீதி இருந்தது. அவங்க சாப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள அளவெடுத்து, ஓரம் மடிச்சு, நாலு மூலைக்கும் எலாஸ்டிக் வைச்சுத் தைச்சு, அதுக்கு ஒரு உறை போட்டு விட்டுட்டேன். தலையணைக்கு உறை போடறோம், மிக்ஸிக்குப் போடறோம், இதுக்குப் போட்டா என்ன. உங்க அப்பா திரும்பி வந்து பார்த்து, தூசி வடிகட்டி போலிருக்கு, உன் பார்சல்லயே வந்ததுன்னு நினைச்சுட்டார். மெக்கானிக், உங்க அப்பா போட்டதுன்னு நினைச்சுட்டார். கிரில்லை மூடிட்டாங்க. தையல் அப்படி, கடைச் சாமான்னு நினைக்காதவன் யாரு.

கண்டுபிடிச்சது உன் தங்கச்சி மகள். வண்டிப் படிப்பு ரெண்டாம் வருஷம் படிக்கிறாளே, அவதான். ஞாயித்துக்கிழமை வந்தவ இஞ்சினை ஓட விட்டு ரெண்டு ஹோஸையும் தொட்டுத் தொட்டுப் பார்த்து, உள்ளே போறதும் சூடு, வெளிய வர்றதும் அதே சூடு, அப்ப இது சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குது பாட்டின்னா. தாத்தா குளிக்கிற நேரத்துல கிரில்லைக் கழட்டிப் பார்த்துட்டு, உறையை உருவி என் கையில கொடுத்தா. காத்தே படாம இருந்தா எப்படி பாட்டி ஆறும்னு ஒரே ஒரு வார்த்தைதான். எத்தனை படிச்சவன் பார்த்தான் அந்த வண்டியை, என் பேத்தி கைதான் கண்டுபிடிச்சது. தாத்தாகிட்ட மூச்சு விடாதேன்னு நான்தான் அவ வாயை அடைச்சேன்.

மூணு நாளா முழு லோடு ஏத்திட்டுப் போறார், முள் பாதியைத் தாண்டலை. ஒரு கிளாம்ப் லூசா இருந்தது, நான் இறுக்கினேன், சரியாச்சுன்னு தெரு பூரா சொல்லிட்டுத் திரியறார். உன் கூலர் நல்ல கூலர்னு உன்கிட்ட சொல்ல மட்டும் அவருக்கு வாய் வரலை. அதனால நீ அனுப்பினதும் தப்பில்லை, அவர் மாட்டினதும் தப்பில்லை, தப்பு பூரா என் தையல் மெஷின் மேல. அதுக்கு நீங்க ரெண்டு பேரும் பேசாம இருக்கிறது எந்த ஊர் நியாயம். இந்தக் கடிதத்தைத் தபால்ல போட்டுட்டு வந்து உங்க அப்பாகிட்டயும் சொல்லப் போறேன். முதல்ல சொன்னா அவர் கத்தற கத்துல எழுத மனசு வராது, போட்டுட்டா பின்வாங்க முடியாது.

மருமகளுக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசீர்வாதம், நீங்க எல்லாரும் நோய் நொடி இல்லாம நல்லா இருக்கணும். சின்னவனுக்கு இருமல் இருந்தா குளிர்ல அலைய விடாதே. இது கைக்கு வந்ததும் டிக்கெட்டை அப்படியே வைச்சுக்கிட்டு, என் நம்பருக்கு இல்லை, அப்பா நம்பருக்கு போன் போடு. வண்டியை விக்கச் சொன்னதுக்கு ஒரு வார்த்தை சொல்லிடு, அப்புறம் உன் அம்மா பண்ணின வேலையைப் பார்த்தியாடான்னு ஆரம்பிப்பார். அரை மணி நேரம் என்னைத் திட்டுவார், நீயும் கூடச் சேர்ந்து திட்டு, நான் அடுப்படியில இருந்து கேட்டுக்கிறேன்.

இப்படிக்கு,
உன் மேல கோபமா இருக்கிற
அம்மா