உன் தலையில் வைத்த கை

மல்கிரேவ்,
புதன்கிழமை.

அன்பின் பேரன் லோஜனுக்கு,

அப்பம்மா எழுதுகிறேன். இங்கே அப்பா, அம்மா, தங்கச்சி துவாரகா எல்லாரும் சுகம். எனக்கு முழங்கால் வழக்கம்போல. உன் சுகத்தைக் கேட்கிறேன். கடிதம் தொடங்குகிற வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்கிறேன்.

போனில் கதைக்கலாமே என்று நினைப்பாய். போனென்றால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுவா. தனியாகக் கதைத்தாலும் நீ "சரி அப்பம்மா, ட்ரெய்னிங்குக்கு நேரமாச்சு" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க ஏலாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து, கொம்பும் காலும் மாறிக் கிடந்தால் பொறுத்துக்கொள். உனக்கு வாசிக்க இலேசாக இருக்கட்டும் என்று பெரிதாக எழுதுகிறேன். சனிக்கிழமைகளில் உன்னை அழ அழத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனது இன்றைக்குத்தான் உதவுகிறது.

உங்கள் உதைபந்துக் கிளப்பின் முதல் கோல் கீப்பருக்கு மணிக்கட்டு முறிந்து, வாற ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு உன்னை இறக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து இந்த வீடு கலியாண வீடு மாதிரி. அப்பா லீவு எடுத்து எல்லாருக்கும் சிட்னிக்கு டிக்கெட் போட்டுவிட்டார். இரண்டு வருஷம் ஆட இடம் கிடைக்காமல் வாங்கில் குந்தியிருந்த பிள்ளை என்று அம்மா அழுதா. நான் மட்டும் குறைவா? ஸ்பிரிங்வேலில் மீன் வெட்டித் தருகிற வியட்நாம்காரனுக்குக்கூட, கையால் பந்து பிடித்துக் காட்டி, என் பேரன் என்று நெஞ்சைத் தட்டினேன். அவன் சந்தோஷத்தில் ஒரு மீன்தலையைச் சும்மா போட்டுத் தந்தான்.

அந்தப் பெருமை பொய் இல்லை, ராசா. அதனால்தான் மிச்சத்தை எழுதக் கை ஓடவில்லை.

பக்கத்து வீட்டுச் செலெஸ்தினோ அங்கிளைப் பற்றி உனக்குப் பாதிதான் தெரியும். நீ சின்னனில் வேலிக்கு மேலால் அடித்த பந்தைப் பிடித்து வைத்துக்கொண்டு தராமல் பகிடி விடுவாரே, அந்தப் பாதி. மற்றப் பாதியை அவருடைய மனைவி பிலார் போன கிழமை சொன்னார். அவருடைய இங்கிலிஷ் அரைகுறை, எனக்கு அதுவும் இல்லை. துவாரகா நடுவில் இருந்து தமிழில் சொன்னாள்.

அங்கிள் ஸ்பெயினின் வடக்கே ஒரு மீன்பிடி ஊரில் பிறந்தவராம். தகப்பனைக் கடல் கொண்டுபோக, மீனைத் தகரத்தில் அடைக்கிற தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார். அங்கே பெட்டிகளை ஒருவர் எறிய மற்றவர் பிடிக்கவேண்டும். இவர் ஒன்றையும் தவறவிடவில்லை. அதைக் கண்ட ஊர்க் கழகத்துக்காரர் கொண்டுபோய்க் கோலுக்குள் நிற்பாட்டினார்கள். இருபது வயதில் பெரிய நகரத்துக் கழகம் ஒன்று கூப்பிட்டது. அங்கே உன்னைப் போலத்தான், மூன்று வருஷம் வாங்கு. முதல் கீப்பருக்கு ஒரு தடிமன், தும்மல்கூட வராதாம். அந்த மனுசனுக்கு ஒரு சின்னக் காய்ச்சலாவது வரட்டும் என்று மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினேன் என்று சொல்லிப் பிலார் சிரித்தார்.

இடம் கிடைத்த பிறகு ஏழு வருஷம் அவரை ஒருவராலும் அசைக்க முடியவில்லை. ஓடி வருகிறவனின் காலடியில் தலையைக் கொடுத்து விழுந்து பந்தை அள்ளுவதில் பெயர் எடுத்தவர். அந்தக் காலத்துத் தோல் பந்து மழையில் நனைந்தால் கல்லு மாதிரி. ஒரு கோப்பை ஆட்டத்தில் ஒருத்தனுடைய முழங்கால் இவருடைய காதுக்கு மேலே இடித்தது. அசைவில்லாமல் கிடந்தார். அப்போதெல்லாம் ஆள் மாற்றுவது இல்லையாம். வாளித் தண்ணீரை முகத்தில் ஊற்றி எழுப்பினார்கள். எழும்பி நின்றார். கடைசியில் வந்த பெனால்டியையும் பாய்ந்து பிடித்தார். சனம் தோளில் தூக்கிக்கொண்டு போனது. அவருடைய பெயரைச் சொல்கிறவர்கள் இன்றைக்கும் அந்த ஒரு பிடிக்காகத்தான் சொல்கிறார்களாம்.

அவருக்கு அது ஞாபகமே இல்லை, லோஜன். வெளியே வந்து பிலாரிடம்தான் கேட்டாராம், "பந்தை நான் பிடிச்சனானா?" என்று. அடுத்த நாள் பத்திரிகையில் படத்தைப் பார்த்துத்தான் நம்பினார்.

அதற்குப் பிறகும் அப்படி விழுந்தார், ஒருமுறை இல்லை. தலையிடி என்று வாய் திறந்தால் வாங்கில் இருக்கிறவன் வந்து நிற்பான். மூன்று வருஷம் வாங்கில் இருந்தவர் அதைச் சொல்வாரா? பிலாருக்கு மட்டும் சொன்னார். ஒருத்தருக்கும் சொல்லாதே என்றார். பிலார் சொல்லவில்லை.

பிறகு பார்வை மங்கியது, கழகம் கைவிட்டது. கப்பல் ஏறி இங்கே வந்து, குயின்ஸ்லாந்தில் கரும்பு வெட்டி, டண்டினோங்கில் தொழிற்சாலையில் கார் பூட்டி, ஞாயிறுகளில் ஸ்பெயின்காரருடைய சின்னக் குழுவுக்கு விளையாடினார். முதலில் தலையிடி. பிறகு காரணமில்லாத கோபம். இந்தப் பத்து வருஷம் மறதி. டாக்டர்மார் வயது என்கிறார்களாம், பிலார் அந்த முழங்கால் என்கிறார். ஆர் சரியோ எனக்குத் தெரியாது. நான் கண்டதைச் சொல்கிறேன். பிலார் தேத்தண்ணி கொடுத்தால், கதிரையில் இருந்தபடியே வேற்றுப் பெண்ணுக்குச் சொல்வதுபோல மரியாதையாக நன்றி சொல்கிறார். பின்னேரமானால் ஒரே கேள்வி. பிடிச்சனானா? பிலார் ஓம் என்கிறார். முகம் மலர்கிறது. கொஞ்சத்தில் திரும்பவும் கேட்கிறார்.

பிலார் இதையெல்லாம் ஏன் இப்போது சொன்னார் தெரியுமா? பொங்கலன்று, வீட்டுக்கு வந்திருந்த நீ வளவில் நின்று, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சுவரைப் பிடித்ததை வேலிக்கு மேலால் கண்டுவிட்டார். பையனுக்குத் தலையில் அடிபட்டதா என்று போன கிழமை கேட்டார். துவாரகா சிரித்தாள். "பிலார் அன்ரிக்கு இப்ப ஆரைப் பார்த்தாலும் அங்கிள் மாதிரித்தான் தெரியுது அப்பம்மா" என்றாள். பிலார் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

வேறென்ன செய்ய? அன்றைக்கு நீ பாத்ரூமில் குனிந்து ஓங்காளித்துச் சத்தி எடுத்ததைக் கண்டவள் நான் ஒருத்திதான். மார்கழியில் பயிற்சியில் கோல் கம்பத்தோடு தலை மோதியதையும், அதற்கு முதலும் ஒருமுறை அடிபட்டதையும், கிளப் டாக்டரிடம் ஒன்றுமில்லை என்று சொன்னதையும் அப்போதுதான் சொன்னாய். சொல்லிவிட்டு என் வலது கையை எடுத்து உன் தலையில் வைத்து, "அப்பா அம்மாவிட்டை, ஒருத்தரிட்டையும் சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணுங்கோ" என்றாய். நான் யோசிக்க முதல் வாய் சத்தியம் என்று சொல்லிவிட்டது. உன் தலைமயிர் வியர்வையில் நனைந்திருந்தது.

இதையெல்லாம் நம்புகிறீர்களா அப்பம்மா என்று நீ சிரிப்பாய். நம்பாதவன் ஏன் என் கையை எடுத்து வைத்தாய்? நான் நம்புவேன் என்று தெரிந்துதானே வைத்தாய்?

பெயர் சொல்லாமல் கோயில் ஐயரிடம் கேட்டேன். சத்தியத்தை வாங்கினவர்தான் திருப்பித் தரவேணும் அம்மா என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆளின் அர்ச்சனைச் சீட்டை வாங்கத் தொடங்கிவிட்டார். சத்தியத்தை மீறினால் உன் தலைக்கு ஏதும் வந்துவிடும் என்று பயம். மீறாவிட்டாலும் உன் தலைக்குத்தான். அப்பா சாப்பாட்டு மேசையில் உன் ஆட்டத்தைப் பற்றிக் கதைக்கும்போது, சோற்றை வாய்க்குள் அடைத்துக்கொண்டு இருக்கிறேன்.

நேற்றுக் காலையில் போன் எடுத்து, புதுக் கையுறை வந்தது, பச்சை நிறம் என்றாய். பின்னேரமும் எடுத்து, அதே சந்தோஷத்தோடு, புதுக் கையுறை வந்தது, பச்சை நிறம் என்றாய். பிள்ளைக்குப் புளுகம், சந்தோஷம் தாங்கவில்லை என்று அம்மா சிரித்தா. நான் "ஓமோ ராசா, பச்சையோ?" என்று முதல்முறை கேட்கிறவள் மாதிரிக் கேட்டேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. பிலார் அவருக்கு ஓம் சொல்கிற அதே குரல்.

விளையாடாதே என்று உன்னை மறிக்க எனக்குப் பலம் இல்லை. எனக்கு விளையாட்டும் தெரியாது, வைத்தியமும் தெரியாது. உன்னிடம் கேட்பது ஒன்றுதான். இந்தக் கடிதம் கண்டதும் போன் எடுத்து, "சொல்லுங்கோ அப்பம்மா" என்று மட்டும் சொல். ஸ்பீக்கரில் இருந்தாலும் பரவாயில்லை. அவர்களுக்கு விளங்காது, சத்தியத்தைத் திருப்பித் தந்துவிட்டாய் என்று எனக்கு விளங்கும். பிறகு நடப்பதை உன் அப்பாவும் டாக்டரும் பார்த்துக்கொள்ளட்டும். நீ என்னோடு எவ்வளவு காலம் கோபித்துக்கொண்டு இருந்தாலும் தாங்குவேன்.

நீ வெளிக்கிடும் போதெல்லாம் திருநீறு பூசி, தலையில் கை வைத்து அனுப்புகிறவள் நான். பொங்கலுக்குப் பிறகு நீ போனபோது சத்தியம் பண்ணின கை என்று, நெற்றியில் பூசியதோடு எடுத்துவிட்டேன், தலையில் வைக்கவில்லை. நீ கவனித்திருக்க மாட்டாய். அந்தக் கையை நீதான் எனக்குத் திருப்பித் தரவேண்டும்.

முருகன் உன்னை நீண்ட ஆயுளோடும் நல்ல நினைவோடும் வைத்திருக்கட்டும். செலெஸ்தினோவுக்கு ஓம் சொல்லப் பிலார் இருக்கிறார். உனக்கு ஓம் சொல்ல நான் அவ்வளவு காலம் இருக்கமாட்டேன், ராசா.

போனுக்குப் பக்கத்திலேயே இருக்கும்,
உன் அப்பம்மா,
பவளராணி.