கருப்பட்டித் துகளும் செத்த செல்லும்

ஜூன் 9, திங்கள்
வெயில் மண்டையைப் பிளக்குது. ஆய்வகத்து ஏ.சி. வழக்கம்போல சீக்கு.

வந்த விருந்தாளிகிட்ட என் கைடு சார் அதே வசனம்: "நம்ம ஊரு கருப்பட்டியை வேகவச்சு நானோ துகள் எடுக்கோம். செல்லுக்குள்ள விட்டா, உயிரோட மினுங்குது வே!" எடுக்கோமாம். இவர் பிப்பெட்டைத் தொட்டு எத்தனை வருஷம்? மைக்ரோஸ்கோப் படத்துல பச்சைப் பச்சையா செல்லு. விருந்தாளி வாயைப் பிளந்தார். கட்டுரை போன வாரமே பத்திரிகைக்குப் போயாச்சு. முதல் பேரு என்னுது. அது வந்தாத்தான் பிஎச்.டி. ஆய்வேடு கொடுக்க முடியும். நானும் பல்லைக் காட்டிட்டு நின்னேன்.

வாங்கணும்: கையுறை, கருப்பட்டி, தலைவலி மாத்திரை.

ஜூன் 10, செவ்வாய்
பாளை மார்க்கெட். கடை அண்ணாச்சி கருப்பட்டியை எடுத்துட்டு, "ஏம்மா, போன தடவை கொண்டுபோனதும் இந்தச் சரக்குதான். சுண்ணாம்பு தூக்கல். பதனி புளிச்சிரக் கூடாதுன்னு பனையேறி கலயத்துல அள்ளிப் பூசிட்டான். காப்பிக்கு ஆகாது, பாத்துக்கோ."

பஸ்ஸுல வரும்போதுதான் ஞாபகம் வந்துச்சு. துகளை ஒரு சவ்வுப் பையில கட்டி ரெண்டு நாள் தண்ணியில போட்டா சுண்ணாம்பெல்லாம் போயிரும். போன தடவை பை தீந்திருந்துச்சு. சார், "வடிகட்டினா போதும்மா". வடிகட்டினேன். பெரிய விஞ்ஞானி.

ஜூன் 11, புதன்
வடிகட்டின துகள் தண்ணியில முக்கின சிவப்பு லிட்மஸ் நீலமாயிட்டு. சுத்தமான சுண்ணாம்புத் தண்ணி.

செல்லு வளர்க்குத திரவம் துகள் விட்டதும் கத்திரிப்பூ நிறமாகும். காரம் ஏறிட்டுன்னு அர்த்தம். பி.எஸ்சி. பிள்ளைக்கே தெரியும். அன்னைக்கு சார் "கலர் பிரமாதம்"ன்னார். நான் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வச்சேன். த்தூ.

கூட ஆராய்ச்சி பண்ணுத மும்தாஜ், செத்த செல்லை மட்டும் நீலமாக்குத சாயம் விட்டுப் பாத்தா. "ஏட்டி, அத்தனையும் மவுத்து."

செத்த செல்லுக்குக் கதவு ஏது? துகள் உள்ள போய் அடைச்சிக்கிட்டு. அதான் அந்த மினுக்கு.

ஜூன் 14, சனி
மும்தாஜ் புதன்கிழமையே வேற துறையில சவ்வுப் பை கேட்டு வாங்கியாந்தா. ரெண்டு நாள் தண்ணியில போட்டுச் சுத்தம் பண்ணின துகளை விட்டேன். செல்லு எல்லாம் உயிரோட. மினுக்கு? ஒரு மண்ணும் இல்லை.

சார்கிட்ட சொன்னேன். "படத்துல அது மூச்சு விடுதான்னு எவன் பாக்கப் போறான்? பேசாம இரு."

இந்த ஆளையா அஞ்சு வருஷம் கும்பிட்டேன்! அவரை விடு. கும்பிட்டது என் கைதானே.

ஜூன் 15, ஞாயிறு
சர்ச்சுல அம்மா பக்கத்து பெஞ்சுகிட்ட, "அடுத்த மாசம் டாக்டர் ஆயிருவா." ஜெபம் ஒண்ணும் காதுல ஏறலை.

வீட்டுக்கு வந்ததும் பத்திரிகைக்கு எழுதினேன். படத்தில் உள்ள செல்கள் இறந்தவை. தவறு என்னுடையது. கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன். அனுப்பியாச்சு.

அடுக்களையில இருந்து அம்மா: "டாக்டரம்மா, சோறு ஆறுது."